டை அடிச்சா வழுக்கை விழுமா? பிபிடி இல்லாத டை எங்கே கிடைக்கும்?

வணக்கம். மலேசியாவுல, ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் முடிவெட்டும் கடை நடத்துறோம். தீபாவளி நெருங்குனா தோட்டத்து அண்ணன்மாருங்க டை அடிக்க வருவாங்க. "இதனாலதான் வழுக்கை விழுதா தம்பி?"ன்னு கேள்வியும் கூடவே வரும்.

நெற்றி ஏறுறதும் உச்சி மெலியுறதும் பெரும்பாலும் பரம்பரையும் டிஎச்டி ஹார்மோனும் செய்யுற வேலை. டையில இருக்கிற அம்மோனியாவும் பெராக்சைடும் வெளியே தெரியுற முடியைத்தான் வறட்டும். அது பாதியில ஒடியும், வேர் பிழைச்சுக்கும். விழுந்த முடியைக் கறுப்புத் துணியில வச்சுப் பாருங்க: ஒரு முனையில சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தா வேரோட உதிர்ந்தது, இல்லாட்டி ஒடிஞ்சது.

உண்மையான சிக்கல், டையில கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கிற பிபிடிங்கிற ரசாயனம் தர்ற ஒவ்வாமை. தலை அரிச்சு, நீர் வடிஞ்சு, கண் இமை வரைக்கும் வீங்கும். அதுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்தா கொட்டலாம்; பெரும்பாலும் திரும்ப முளைச்சிடும். அதனால 48 மணி நேரம் முன்னாடியே காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்றோம். யார் கேக்குறா! பசார் மாலாமில் (இரவுச் சந்தையில) விக்கிற 'கறுப்பு மருதாணி'யை இயற்கைன்னு நம்பிடாதீங்க, அதிலயும் பிபிடி கலந்திருக்கலாம்.

இப்போ எங்களுக்குத் தேவை, ஈப்போ பக்கம் பிபிடி, பிடிடி ரெண்டுமே இல்லாத டையை மொத்த விலைக்குத் தர்ற கடை. பிடிடிங்கிறது பிபிடிக்குப் பதிலாச் சேர்க்கிற அதே வகை ரசாயனம்; பிபிடி ஒத்துக்காத பலருக்குப் பிடிடியும் ஒத்துக்காது. சேர்மானமும் என்பிஆர்ஏ (மலேசியாவோட மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பு) அறிவிப்பு எண்ணும் பெட்டியில இருக்கணும். தெரிஞ்சவங்க பெட்டியோட பின்பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்க.