நாலு தடவை கேஸ் ஏற்றியும் குளிராத ஃபிரிட்ஜ்: பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா?

உறையூர்க்காரி:
சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடியில் ஓர் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கினோம். 28,500 ரூபாய். ஐப்பசியில் முதல் முறை குளிர் போனது. மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றினார். தையில் மறுபடி, சித்திரையில் மறுபடி, ஆனியில் மறுபடி. ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான்: கேஸ் ஏற்றியதும் ஐஸ் கட்டும், இரண்டு மாதத்தில் பால் திரியும், முதல் நாள் ஆட்டிய மாவு மறுநாள் காலையில் பொங்கி வழிந்து கீழ்த் தட்டெல்லாம் புளிப்பு வாடை. அப்பாவின் இன்சுலின் இப்போது எதிர் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. ராத்திரி ஊசி நேரத்துக்குப் போய்க் கதவைத் தட்டக் கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் ஓராண்டு வாரண்டி முடிந்தது. நேற்று ஐந்தாவது முறை குளிர் நின்றது. கம்பெனிக்குப் போன் செய்தால், "கம்ப்ரசருக்குத்தான் பத்து வருஷம், கேஸுக்கு 2,800 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். கடைக்காரர் பில்லைத் திருப்பிக் காட்டுகிறார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." எனக்கு இனி ரிப்பேர் வேண்டாம், பணம்தான் வேண்டும். கேட்க முடியுமா?

பழைய மெக்கானிக்:
இருபது வருஷம் ஃபிரிட்ஜ் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் சகோதரி. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓடி ஓடித் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது பஞ்சர் ஒட்டாமல் காற்று அடிக்கிற கதைதான்.

வந்தவர் நைட்ரஜன் அடித்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தாரா? ஃபில்டர் மாற்றினாரா? இப்போதைய மாடல்கள் பலவற்றில் பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை கிடையாது. குழாய்கள் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளே, ஃபோமோடு சேர்ந்து புதைந்திருக்கும். ஓடும்போது பக்கவாட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும். ஓட்டை அந்த ஃபோமுக்குள் இருந்தால் வீட்டுக்கு வந்து சரிசெய்யவே முடியாது. கம்பெனி ஆளுக்கும் இது தெரியும். ஆனால் மாற்றித் தருகிற அதிகாரம் அவர் கையில் இல்லையே, பாவம்.

சும்மா ஒருத்தன்:
கோர்ட்டு, கேஸு என்று அலையாமல் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு வாங்குங்க. நிம்மதி முக்கியம்.

மாட்டுத்தாவணி:
மேலே சொன்னவர் சொல்வதும் ஒரு வழிதான். ஆனால் ஓட்டை ஃபிரிட்ஜை வாங்குகிறவனும் ஒரு மனுஷன்.

நான் வக்கீல் இல்லை அக்கா. வாஷிங் மெஷின் ஒன்றுக்காக மதுரையில் நானே வழக்கு போட்டு, நானே பேசிப் பணம் வாங்கியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், "சரிசெய்து கொடுங்கள்" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் ரிப்பேர் கேட்கும்வரை அவர்கள் ரிப்பேர்தான் தருவார்கள். மின்னஞ்சலில் எழுதுங்கள்: இந்தத் தேதிகளில் நான்கு முறை கேஸ் ஏற்றப்பட்டது, இது உற்பத்திக் குறை, 15 நாளில் முழு விலையும் வேண்டும். கடை, கம்பெனி இரண்டுக்கும் அனுப்புங்கள். கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்க" என்று நழுவுவார், விடாதீர்கள். பில் அவர் பெயரில்தானே இருக்கிறது?

பில்லின் அந்த வாசகத்துக்குப் பயப்படவே வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவைப் பாருங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பதே நியாயமற்ற வணிக முறை என்கிறது.

வாரண்டி முடிந்ததும் பெரிய விஷயமில்லை. குறை தொடங்கியது வாரண்டிக்குள். புகார் கொடுக்க, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. முதல் பழுது ஐப்பசி என்றால் அதிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம்.

அப்புறம் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரைக் கம்பெனிக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் கால் சென்டரில் அசையாத சில கம்பெனிகள் இதற்கு அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

அதுவும் பலிக்காவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், 2019 சட்டம் தந்த வசதி அது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 39-ஆம் பிரிவின்படி குறையை நீக்கவோ, பொருளை மாற்றவோ, விலையைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம். இன்சுலின் விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

காலம்தான் சோதனை. பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லை என்றால் மூன்று மாதம், ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஐந்து மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்குப் பதினாலு மாதம் ஆனது. பாதி நாள் "எதிர்த்தரப்பு வரவில்லை" என்று வாய்தா.

ஒன்று கேட்கிறேன்: ஜாப் ஷீட் நாலும் கையில் இருக்கிறதா? என் வழக்கை ஜெயித்துக் கொடுத்தது என் பேச்சு இல்லை, அவர்களுடைய மெக்கானிக் கையால் எழுதிய மூன்று தாள்தான்.

உறையூர்க்காரி:
இரண்டுதான் இருக்கிறது அண்ணா. தையிலும் சித்திரையிலும் வந்தவர் தாளே தரவில்லை. "ஓடிபி சொல்லுங்க மேடம், கம்ப்ளைன்டை முடிக்கணும்" என்றார், சொல்லிவிட்டேன். குறுஞ்செய்தி மட்டும் போனில் இருக்கிறது.

மாட்டுத்தாவணி:
அந்தக் குறுஞ்செய்தியே போதும், புகார் எண்ணும் தேதியும் இருக்குமே. படம் எடுத்து அச்சிட்டு வையுங்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள். நான்கு புகாரின் சர்வீஸ் விவரத்தையும் தரச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள். இனி ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்ததைப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

பழைய மெக்கானிக்:
2,800 கட்டி இப்போது கேஸ் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். வெளி ஆளை வைத்துத் திறக்கவே வேண்டாம். திறந்தால் "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்று அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைக்கும்.

உறையூர்க்காரி (மூன்று வாரம் கழித்து):
மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. 1915-இல் பதிந்த ஆறாம் நாள் கம்பெனியிலிருந்து ஒருவர் மிக மரியாதையாகப் பேசினார். புது ஃபிரிட்ஜ் தருகிறார்களாம், பணம்தான் வேண்டும் என்றால் தேய்மானம் என்று 20 சதவீதம் பிடிப்பார்களாம். ஓடாமல் நின்ற பொருளுக்கு என்ன தேய்மானம் என்று கேட்டேன், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். வீட்டில் எல்லாரும் புதியதை வாங்கிக்கொள் என்கிறார்கள். எனக்கு அந்த மாடலைப் பார்த்தாலே புளித்த மாவு வாடை வருகிறது.

மாட்டுத்தாவணி:
போனில் ஒத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பணம் என்றால் பிடித்தம் இல்லாமல் என்று பதில் எழுதுங்கள், முக்கால்வாசி இறங்கி வருவார்கள். மனம் மாறிப் புதியதை வாங்கிக்கொண்டால், வாரண்டி அன்றிலிருந்து புதிதாக ஓராண்டு என்று எழுதி வாங்காமல் பழையதை வாசல் தாண்ட விடாதீர்கள்.