பட்டப்படிப்பில் 3.00 புள்ளி இல்லாதவர் கல்வியியல் முதுகலைக்கு (எம்.எட்.) விண்ணப்பிக்கவே கூடாதா?

செந்தூல் டீச்சர்:
நேற்று ஆசிரியர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பட்டர்வொர்த் நேசன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பட்டப்படிப்பில் 3.00 எடுக்காதவர்கள் எம்.எட். விண்ணப்பத்தைத் தொடவே வேண்டாம்." எங்கள் பள்ளியில் 2.61 வைத்திருக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி இதைப் படித்தாள். பாதி நிரப்பிய விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டாள். எனக்கு வயிறு எரிகிறது. மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. வகுத்த குறைந்தபட்சச் சராசரிப் புள்ளி 4.00க்கு 2.50. அதற்கும் கீழே இருந்தால்கூடப் பணி அனுபவத்தைப் பார்த்துப் பரிசீலிக்க வழி இருக்கிறது. 3.00 எங்கிருந்து வந்தது, நேசன் சார்?

பட்டர்வொர்த் நேசன்:
பல்கலைக்கழக முகப்பிடத்தில் இருந்து வந்தது. நான் விண்ணப்பிக்கப் போனபோது 3.00 வேண்டும் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். 2.50 காகிதத்தில் இருக்கும், டீச்சர். காகிதம் இடம் தராது.

செந்தூல் டீச்சர்:
ஒரு முகப்பிடத்தில் ஒருவர் சொன்னது நாட்டுக்கே சட்டமா? என் பட்டப்படிப்புப் புள்ளி 2.38. அம்மா படுக்கையில் கிடந்த ஆண்டு அது. 14 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியபின், பணி உறுதிக் கடிதமும் இரண்டு பரிந்துரைகளும் இணைத்து விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கு அழைத்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். இது மூன்றாவது செமஸ்டர். நான் காகிதமா?

பட்டர்வொர்த் நேசன்:
வகுப்பும் கட்டுரையுமாகப் படிக்கும் பாடநெறி வழியில் சேர்ந்திருப்பீர்கள். ஆய்வு வழியில் 2.38ஐக் கொண்டு போய்ப் பாருங்கள். 3.00 என்றால் 3.00தான்.

பாயான் லெப்பாஸ் தம்பி:
ஐயா, அக்கா, ஒருவர் விண்ணப்பிக்கும் தகுதியைப் பேசுகிறீர்கள், மற்றவர் தேர்வாகும் வாய்ப்பைப் பேசுகிறீர்கள். பல்கலைக்கழகம் தன் வரம்பை 2.50க்கு மேல் உயர்த்திக்கொள்ளலாம். முதலில் எதைப் பேசுகிறோம் என்று...

செந்தூல் டீச்சர்:
தம்பி, அவர் எழுதியது "தொடவே வேண்டாம்" என்று. அதற்குப் பதில் வரட்டும். பாடநெறி வழி என்றால் இளப்பமா, சார்? பகலில் 32 பிள்ளைகள், மாலையில் புறப்பாடம், இரவில் நாள் பாடத்திட்டம், அதற்கும் பிறகு கட்டுரை. சனிக்கிழமை விடியலில் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குக் கொமுட்டர் ரயில் ஏறுகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறீர்களா? 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. அங்கே போய்ச் சொல்லுங்கள், பாடநெறி வழி மட்டம் என்று.

பத்து கேவ்ஸ் வாசகன்:
2.50, 3.00 எல்லாம் இருக்கட்டும். பட்டமே இல்லாமல், முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்க்கும் ஏப்பல் வழியாக முதுகலைக்குள் நுழைகிறார்களே, அந்தக் கொல்லைப்புறக் கதவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

செந்தூல் டீச்சர்:
கொல்லைப்புறக் கதவா? 30 வயது நிறைய வேண்டும், எஸ்.டி.பி.எம். என்ற ஆறாம் படிவத் தேர்வுச் சான்றிதழ் அல்லது டிப்ளோமா வேண்டும், துறை அனுபவம் வேண்டும், அத்தனைக்கும் மேல் மதிப்பீட்டில் தேற வேண்டும். வாசல் வழியாகத்தான் வருகிறார்கள்.

பட்டர்வொர்த் நேசன்:
இதனால்தான் தரம் சரிகிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறந்த ஆசிரியர் வேண்டும் என்று நான் கேட்பது குற்றமா? 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் முதல் தமிழ் வகுப்பு தொடங்கிய மண் எங்களுடையது. கல்வியைப் பற்றிக் கோலாலம்பூர்ச் செந்தூல் எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

செந்தூல் டீச்சர்:
1816ஐ நீங்கள் தொடங்கிவைக்கவில்லை, சார். அந்த வகுப்பில் பாடம் நடத்தியவரிடம் 3.00 கேட்டார்களா?

பத்து கேவ்ஸ் வாசகன்:
பினாங்கு என்றாலே இப்படித்தான். பழம்பெருமையைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள்.

ஜெலுத்தோங் மாலா:
ஊரை இழுக்காதீர்கள். நானும் பினாங்குதான், 2.70 வைத்துக்கொண்டு போன தவணை இடம் வாங்கினேன். நேசன் அண்ணன் கதைசொல்லும் போட்டியின் கோபத்தை இங்கே கொட்டுகிறார். அவருடைய மாணவனுக்கு இரண்டாம் பரிசு கொடுத்த நடுவர் டீச்சர்தான்.

பட்டர்வொர்த் நேசன்:
அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். ஆனால் பேச்சு வந்துவிட்டது, கேட்கிறேன்: என் மாணவன் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. எந்த அடிப்படையில் இரண்டாம் பரிசு?

செந்தூல் டீச்சர்:
மூன்று நடுவர்கள் போட்ட புள்ளி அது. நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. எந்த ஆவணத்தில், எந்தப் பக்கத்தில் 3.00 இருக்கிறது? அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்: மதிப்பெண் பட்டியலுக்கும் பட்டச் சான்றிதழுக்கும் உறுதிப்படுத்திய நகல் எடு, தலைமையாசிரியரிடம் பரிந்துரை கேள், கோரும் புள்ளியைப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவிலேயே எழுத்தில் வாங்கு என்று. விண்ணப்பக் கட்டணம் என் செலவு.

பட்டர்வொர்த் நேசன்:
கட்டணம் வீண். 3.00 என்று என்னிடம் சொன்னார்கள், நான் காதால் கேட்டேன். அந்தப் போட்டியின் புள்ளித் தாளையாவது காட்டுவீர்களா?