லைனரை மாற்றிய பிறகும் குதிகால் ஏன் எழும்பியது?

இரண்டு பருவங்களாக என் குதிகால் ஸ்கை பூட்டுக்குள் நிலையாக உட்காரவே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் சில மில்லிமீட்டர் மேலே எழும்பும். அதைத் தடுக்கப் பக்கிளை இறுக்குவேன்; சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். பூட்டோடு வந்த லைனரின், அதாவது உள்ளே காலைச் சுற்றியிருக்கும் மெத்தை உறையின், நுரை நசுங்கிவிட்டதுதான் காரணம் என்று நினைத்து, சூட்டில் உருமாறும் தடித்த லைனர் ஒன்றை வாங்கிப் போட்டேன். முதல் நாள் கால் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஆறாம் நாள் குதிகால் மறுபடி எழும்பியது. புறங்காலில் புது வலியும் சேர்ந்துகொண்டது.

குறை ஷெல்லில், அதாவது பூட்டின் கெட்டியான வெளிக்கூட்டில், இருந்தது. பூட் பொருத்துநர் ஒருவர் லைனரை வெளியே உருவிவிட்டு, வெறும் ஷெல்லுக்குள் என் காலை வைக்கச் சொன்னார். விரல்நுனி முன்சுவரை லேசாகத் தொட, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தார். ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால் பலருக்குச் சரி. இறுக்கம் விரும்புகிறவர்கள் ஒன்றுக்கு இறங்குவார்கள். எனக்கு ஏறக்குறைய மூன்று! மாண்டோபாயின்ட் அளவு என்பது சென்டிமீட்டரில் பாதத்தின் நீளம். என் பாதம் 26.5, நான் போட்டிருந்ததோ 28. அவ்வளவு வெற்றிடத்தை எந்த நுரையாலும் நெடுநாள் தாங்க முடியாது.

சரியான ஷெல்லும் அதற்கேற்ற மெல்லிய லைனரும் வாங்கிய பிறகு, சூடாக்கி வார்ப்பதை அவர் செய்த விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். முதலில் எனக்கான இன்சோலைத் தயார் செய்தார். அதைப் பாதத்தின் அடியில் வைத்து, விரல்களின் மேல் நுரைத்தொப்பி ஒன்றை மாட்டி, இரண்டுக்கும் மேலே மெல்லிய காலுறையை இழுத்துவிட்டார். அந்தத் தொப்பி விட்டுச்செல்லும் இடம்தான் பிற்பாடு விரல்கள் அசைவதற்கான இடம். கணுக்கால் எலும்பின் மேலும் சிறு நுரைத்துண்டு ஒட்டினார். லைனர் சூடேறியதும் காலை நுழைத்து, குதிகாலைப் பின்னால் தள்ளத் தரையில் நான்கைந்து முறை தட்டினேன். பக்கிள்களை மென்மையாகத்தான் போட்டார். அதன்பின் ஆறும்வரை நேராக, அசையாமல் நின்றேன். முதல் பூட்டுக்கு வார்த்தபோது இங்கேதான் தவறு நடந்தது: சூடான நுரையின் மேல் பக்கிளை முழுப் பலத்தோடு இறுக்கியிருந்தேன். புறங்கால் வலிக்கு அதுவே காரணம்.

*

மேலே உள்ள பதிவுக்கு என் பதில்: உங்கள் புறங்கால் வலியில் லைனரின் வடிவத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம். தனி நாக்கு உள்ள லைனரா, இரு மடல்களும் முன்னால் ஒன்றன்மேல் ஒன்று மடியும் சுற்று லைனரா? எனக்குப் புறங்கால் உயரம். சுற்று லைனர் கணைக்காலை நன்றாகப் பிடித்தது, பூட்டும் விறைப்பாகத் தெரிந்தது, ஆனால் மடிப்பு சரியாகப் புறங்கால் மேட்டில் அழுத்தியது. நாக்கு லைனருக்கு மாறியதும் தீர்ந்தது. ஒல்லியான கெண்டைக்கால் உள்ள என் தங்கைக்குச் சுற்று லைனர்தான் பொருந்துகிறது. அவள் லைனரை முதலில் காலில் மாட்டிக்கொண்டு, பிறகே ஷெல்லுக்குள் இறங்குகிறாள். மடல்கள் சுருங்காமல் இருக்க அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

*

இன்னொரு வாசகரின் அனுபவம்: தக்கை நிரப்பிய, ஜிப்ஃபிட் என்ற பிராண்டின் லைனரை நான்கு பருவங்களாகப் பயன்படுத்துகிறேன். எடை கூடுதல், விலையும் கூடுதல், குளிரில் போட முரண்டு பிடிக்கும். ஆனால் தக்கைக் கலவை நுரையைப் போல் நசுங்கிப்போவதில்லை. கணுக்காலைச் சுற்றி இடம் விழுந்தால் இன்னும் கொஞ்சம் கலவையை உள்ளே செலுத்திக்கொள்ளலாம். மலைக்குப் போகும் நாளில் லைனரைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டே போடுகிறேன். குதிகால் பிடிப்புக்கு இதைவிட நல்லதை நான் போட்டுப் பார்த்ததில்லை.

*

சூட்டில் உருமாறும் லைனரை வீட்டிலேயே வார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: அரிசி நிரப்பிய பருத்திக் காலுறையை மைக்ரோவேவில் சூடாக்கி லைனருக்குள் வைக்கும் முறையில் எனக்கு நன்றாக வந்தது. தயாரிப்பாளர் சொன்ன நேரத்தைத் தாண்டாதீர்கள், அரிசி கருகிவிடும். ஷெல்லுக்குள் நுழைக்கும்போது லைனரில் ஒரு மடிப்பு விழுந்தாலும் அங்கேயே நிறுத்தி நீவிவிடுங்கள். ஆறிய மடிப்பு கணைக்கால் எலும்பில் கத்திபோல் அழுத்தும். எனக்கு அப்படி ஆனபோது, அதே நுரையை மறுபடி சூடாக்கி வார்த்துச் சரிசெய்ய முடிந்தது.

*

லைனர் வகையைக் கேட்டவருக்கு, முதல் பதிவை எழுதிய நான்: பழைய பூட்டுக்கு வாங்கிய தடித்த லைனர் சுற்று வகைதான். மடிப்பு எங்கே விழுகிறது என்று நான் பார்க்கவே இல்லை. இப்போது இருப்பது நாக்கு லைனர். புது பூட்டில் பதினோரு நாட்கள் சறுக்கிவிட்டேன். மேல் பக்கிளை ஒரு பல் மட்டும் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது. புறங்கால் பக்கிளை இப்போது விரல்நுனியாலேயே மூடுகிறேன், குதிகால் எழும்பவில்லை.