சாங்கியில் 14 மணி நேரக் காத்திருப்பு: முதிய தந்தையுடன் எப்படிக் கழிப்பது?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் தந்தையை அழைத்துக்கொண்டு இந்தியாவிலிருந்து மெல்பர்னில் இருக்கும் அண்ணன் வீட்டிற்குச் செல்கிறேன். நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானம் சிங்கப்பூரின் சாங்கி விமானநிலையத்தில் காலை 6.30 மணிக்கு இறங்குகிறது. மெல்பர்ன் விமானம் அன்றிரவு 8.50 மணிக்குத்தான் புறப்படுகிறது. தந்தைக்கு வயது 74. மெதுவாக நடப்பார், முழங்கால் வலி உண்டு, இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். எங்கள் இருவரிடமும் இந்தியக் கடவுச்சீட்டும் ஆஸ்திரேலியப் பார்வையாளர் விசாவும் இருக்கின்றன. சிங்கப்பூர் விசா எடுக்கவில்லை.

அந்த விமானநிலையத்தின் உள்ளரங்க அருவியைப் பார்க்க வேண்டும் என்பது தந்தையின் நெடுநாள் ஆசை. அதற்கு விசா தேவையா, அந்த நேரத்தில் ஊரையும் சுற்றிப் பார்த்துவிட முடியுமா, அல்லது இருந்த இடத்திலேயே ஓய்வெடுப்பதுதான் நல்லதா என்று எனக்குத் தெளிவாகவில்லை. அவருக்குக் களைப்பு ஏற்படக்கூடாது, அதே நேரத்தில் அந்த நாள் வெறும் நாற்காலியில் கழிந்ததாகவும் இருக்கக்கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இளந்திரையன் எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்: அந்த நாளின் எந்தப் பகுதியைக் குடிநுழைவுச் சோதனைக்கு உள்ளே கழிக்கப் போகிறீர்கள், எந்தப் பகுதியை வெளியே கழிக்கப் போகிறீர்கள் என்பதே அது. நீங்கள் சொல்லும் அருவி ஜுவல் என்ற கட்டடத்திற்குள் இருக்கிறது. மோஷே சஃப்டி வடிவமைத்து 2019 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தக் கண்ணாடிக் கூடம், முதலாம் முனையத்தின் பழைய கார் நிறுத்துமிடம் இருந்த இடத்தில் எழுந்தது. அருவி 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் அது பொதுமக்கள் வந்துபோகும் வெளிப்பகுதியில் அமைந்திருப்பதால், டிரான்சிட் பகுதிக்குள்ளேயே, அதாவது குடிநுழைவைக் கடக்காமல் அடுத்த விமானத்திற்குக் காத்திருக்கும் உள்பகுதியிலேயே, இருந்துகொண்டு அங்கே நடந்து போய்விட முடியாது. சிங்கப்பூருக்குள் முறைப்படி நுழைந்தவர்களே அதன் கீழே நிற்க முடியும். படங்களை மட்டும் பார்த்துத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

உங்கள் நிலையில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூன்றாவது நாட்டுக்குச் செல்லும் வழியில் சிங்கப்பூரில் இறங்கும் இந்தியர்களுக்கு 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்கிச் செல்லும் சலுகை உண்டு. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா, சுவிட்சர்லாந்து, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி ஆகியவற்றில் ஒரு நாட்டின் செல்லத்தக்க விசாவும், அந்த 96 மணி நேரத்திற்குள் புறப்படும் உறுதியான பயணச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். அந்த விசா, சிங்கப்பூருக்குள் நுழையும் நாளிலிருந்து ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். உங்கள் ஆஸ்திரேலிய விசா மின்னஞ்சலில் வந்திருக்கும் என்பதால் அந்த அனுமதிக் கடிதத்தை அச்செடுத்துக் கொள்ளுங்கள். நுழைய அனுமதிப்பது இறுதியில் அங்கிருக்கும் அதிகாரியின் முடிவு என்பதையும், இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதையும் மனத்தில் கொண்டு, பயணத்திற்கு முந்தைய வாரத்தில் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

வெளியே போவதென்றால் எஸ்ஜி அரைவல் கார்டு எனப்படும் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அந்த ஆணையத்தின் தளத்திலேயே நிரப்பலாம்; கட்டணம் எதுவும் இல்லை. அதே பெயரைப் போலத் தோன்றும் வேறு தளங்கள் பணம் கேட்டால் உடனே வெளியேறிவிடுங்கள். டிரான்சிட் பகுதியை விட்டு நகராதவர்களுக்கு இந்த அட்டை தேவையில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பார்க்க வேண்டியது உங்கள் பயணச்சீட்டு. இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவு எண்ணின் கீழ் இருந்தால், புறப்படும் இடத்திலேயே பெட்டிகளை மெல்பர்ன் வரை அனுப்பிவிடலாம்; பெட்டியில் ஒட்டும் சீட்டில் மெல்பர்னைக் குறிக்கும் எம்இஎல் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நகருங்கள். இரண்டாவது போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனித்தனியாக எடுத்த சீட்டுகளாக இருந்தால் நிலைமை வேறு: பெட்டியைச் சிங்கப்பூரில் எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கலாம், அதற்காகவே குடிநுழைவைக் கடக்கவும் வேண்டியிருக்கும், அப்போது வெளியே போவது விருப்பமாக இல்லாமல் கட்டாயமாகிவிடும்.

கதிர்வேல் எழுதியது:

நான் சற்று மாறுபட்டு எண்ணுகிறேன். 14 மணி நேரம் என்பது நீண்ட பொழுது. நுழைவு அனுமதி கிடைக்கும் நிலையில் இருப்பவர்கள் விமானநிலைய வளாகத்தைத் தாண்டிப் போகாமல் இருப்பது ஒரு நல்ல வாய்ப்பை விட்டுவிடுவதாகும். ஐந்தரை மணி நேரத்திற்குக் குறையாமலும் 24 மணி நேரத்திற்குள்ளும் காத்திருப்பு உள்ள டிரான்சிட் பயணிகளுக்காகவே சாங்கி நிர்வாகம் இலவச நகர்ச்சுற்றுலாவை நடத்தி வருகிறது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் பேருந்தில் அழைத்துச் சென்று, வழிகாட்டியோடு முக்கியமான இடங்களைக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். முன்பதிவு செய்துகொள்வது நல்லது. தானாகப் போய்த் திசை தெரியாமல் அலைவதைவிட, பெரியவர்களோடு வருபவர்களுக்கு இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

மரு. செண்பகம் எழுதியது:

கதிர்வேல் அவர்கள் சொன்ன சுற்றுலா நல்ல ஏற்பாடுதான் என்பதில் ஐயமில்லை. இருப்பினும் இந்தத் தந்தைக்கு, இந்த நேர அட்டவணையில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 6.30 என்றால் அவருடைய உடலுக்கு அது அதிகாலை 4 மணி. உடல் வெப்பம் மிகவும் தணிந்து, தூக்கத்தின் பிடி மிகவும் இறுகியிருக்கும் பொழுது அது. நான்கு மணி நேரப் பயணத்தில் உணவும் அறிவிப்புகளும் போக அவர் உருப்படியாகத் தூங்கியிருக்க வாய்ப்பில்லை. அந்த நிலையில் ஒருவரை நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊரின் நண்பகல் வெயிலிலும் புழுக்கத்திலும் பேருந்தில் ஏற்றி இறக்குவது, அன்றிரவு ஏழரை மணி நேர விமானப் பயணம் இன்னும் பாக்கியிருக்கும்போது, ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை. முதலில் தூங்கச் செய்யுங்கள், பிறகு பார்க்கச் செய்யுங்கள்.

தூக்கம் என்று நான் சொல்வது படுத்துத் தூங்குவதை. நாற்காலியில் கால்களைத் தொங்கவிட்டு உறங்கினால் முதியவர்களுக்குக் கணுக்கால் வீங்கும். அதே நிலையில் அடுத்த விமானத்திலும் உட்கார வேண்டியிருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்வோருக்கு இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஒட்டுமொத்தத்தில் அது ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கு நேர்வதுதான் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குறுகிய காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல விமானங்களில் செல்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இரண்டு விமானங்களுக்கு நடுவில் கிடைக்கும் இந்தப் பகல், படுப்பதற்கும் நடப்பதற்கும் கிடைத்த பகல். அரை மணிக்கு ஒரு முறை சிறிது தூரம் நடக்கட்டும், தண்ணீர் போதுமான அளவு குடிக்கட்டும். முன்பு காலின் இரத்த நாளத்தில் இரத்தம் உறைந்ததுண்டு என்றாலோ அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலோ, புறப்படும் முன் அவருடைய மருத்துவரைப் பார்த்துவிடுவது கட்டாயம்.

மாத்திரைகளைக் கைப்பையில், மருந்துக் கடையில் கொடுத்த அட்டையிலேயே வைத்திருங்கள். மருத்துவரின் சீட்டும் உடன் இருக்கட்டும். எந்த நேரத்திற்கு எந்த மாத்திரை என்பதை இந்திய நேரத்திலும் சிங்கப்பூர் நேரத்திலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால், தூக்கக் கலக்கத்தில் ஒரே மாத்திரையை இரண்டு முறை கொடுத்துவிடும் நிலை வராது.

பொன்னி எழுதியது:

சக்கர நாற்காலியை மறந்துவிடாதீர்கள். படியேற முடியும், நெடுந்தூரம் நடக்கத்தான் முடியாது என்பவர்களுக்கு டபிள்யூசிஹெச்ஆர் என்ற குறியீட்டில் விமான நிறுவனம் பதிவு செய்யும். 48 மணி நேரத்திற்கு முன்பே, இரண்டு விமானங்களுக்குமாகச் சொல்லிவிடுங்கள். உதவியாளர் விமானத்தின் வாயிலில் காத்திருப்பார், ஆனால் நாள் முழுவதும் கூடவே இருக்க மாட்டார். இடைப்பட்ட நேரத்தில் எங்கே இருப்பீர்கள், மாலையில் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு மீண்டும் உதவி வேண்டும் என்பதை இறங்கியவுடனே பேசி முடித்துவிட வேண்டும்.

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பயணச்சீட்டு ஒரே முன்பதிவு எண்ணில்தான் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கும் இன்றே பதிவு செய்துவிட்டேன். மருத்துவர் அம்மா சொன்னதைப் படித்தபின் நகர்ச்சுற்றுலா எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இன்னும் ஒரே ஓர் ஐயம்: படுத்துத் தூங்குவதற்கு அறை எடுப்பதென்றால், வெளியே போய் ஜுவலுக்கு அருகிலேயே எடுத்துக்கொள்வதா, உள்ளேயே எடுப்பதா? எப்படியும் அருவியைப் பார்க்க வெளியே போகத்தானே போகிறோம்?

இளந்திரையன் எழுதியது:

உள்ளேயே எடுங்கள். விமானத்திலிருந்து இறங்கிய களைப்போடு அதிகாலையில் அவரைக் குடிநுழைவு வரிசையில் நிற்க வைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்து, அதன்பின் அறையைத் தேடி அழைத்துப் போவதைவிட, டிரான்சிட் பகுதியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் விடுதியில் முதலில் படுக்க வைப்பதே அவருக்கு இதம். ஐந்தாறு மணி நேரம் உறங்கிக் குளித்த பிறகு அதே வரிசையில் நிற்பது எளிதாக இருக்கும். அனுமதி கிடைக்காமல் போக நேர்ந்தாலும், ஓய்வு ஏற்கெனவே கிடைத்துவிட்டிருக்கும். இந்த அறைகள் அதிகாலையில் விரைவாக நிரம்பிவிடுகின்றன என்பதால் முன்பதிவு செய்யாமல் போக வேண்டாம்.

இந்த வரிசையில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அருவி விடிந்தவுடன் ஓடுவதில்லை. முற்பகலில்தான் நீரைத் திறந்துவிடுகிறார்கள். கடைகளும் பெரும்பாலும் காலை 10 மணியை ஒட்டித்தான் திறக்கின்றன. காலை ஏழரைக்கே வெளியே போனால் அமைதியான கண்ணாடிக் கூடத்தைத்தான் பார்ப்பீர்கள். பிற்பகல் ஒரு மணிக்குப் போனால், கூரையின் நடுவட்டத்திலிருந்து நீர் இறங்குவதையும், அதைச் சூழ்ந்த மாடிகளில் அடுக்கடுக்காக வளர்ந்திருக்கும் மரங்களையும், கண்ணாடி வழியாக நுழையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். மழை பெய்தால் இன்னும் நல்லது. அந்த மழைநீரும் அருவியோடு சேர்ந்து விழும்படிதான் கூரையை அமைத்திருக்கிறார்கள். வண்ண ஒளிக்காட்சி இருட்டிய பிறகே தொடங்குகிறது. உங்கள் விமானம் 8.50 மணிக்கு என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போன பிறகு ஏமாற்றம் வராது.

முதலாம் முனையத்திலிருந்து ஜுவலுக்கு நேரடியாகவே நுழையலாம். இரண்டாம், மூன்றாம் முனையங்களிலிருந்து மூடிய நடைபாலம் இருக்கிறது. நகரும் நடைபாதையும் உண்டு. நான்காம் முனையம் தனியாக இருப்பதால் அங்கிருந்து பேருந்தில் வர வேண்டும். ஆகவே எந்த முனையத்தில் இறங்குகிறீர்கள், எதிலிருந்து புறப்படுகிறீர்கள் என்பதைச் சீட்டில் பார்த்துவிட்டு அறையைத் தேர்ந்தெடுங்கள். முதல் மூன்று முனையங்களின் டிரான்சிட் பகுதிகளை ஸ்கைட்ரெயின் என்ற தானியங்கி ரயில் இணைக்கிறது.

மாலை ஐந்தரைக்குள் உள்ளே திரும்பிவிடுங்கள். அதன் பிறகும் ஒன்றும் வீணாகாது. மூன்றாம் முனையத்தின் டிரான்சிட் பகுதியில் 2008 முதல் இருந்துவரும் வண்ணத்துப்பூச்சித் தோட்டம், ஜுவலைவிடச் சிறியதானாலும், பெரியவர்கள் ஓரிடத்தில் நின்று நிதானமாகப் பார்ப்பதற்கு அதைவிட ஏற்ற இடம் என்பேன். வெளிச்சம் மங்கினால் பூச்சிகள் அடங்கிவிடும் என்பதால், அருவிக்குப் போகும் முன்பே, அறையை விட்டுக் கிளம்பியவுடன் அங்கே அரை மணி நேரம் கழிப்பது இன்னும் நல்லது. இரண்டாம் முனையத்திலும் உள்ளேயே ஒரு தோட்டம் இருக்கிறது.

கடைசியாக, முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலிலேயே நடக்கிறது. வழியில் நிரப்பிய தண்ணீர்ப் புட்டியை அங்கே காலி செய்யச் சொல்வார்கள். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டிகளில் உள்ள திரவங்களுக்கும் அதே விதி. காலிப் புட்டியைக் கொண்டுபோய்ச் சோதனைக்குப் பின் உள்ளிருக்கும் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். அந்த வாயிலுக்குள் போனபின் கழிப்பறை சில இடங்களில் இருக்காது என்பதால், அப்பாவை அதற்கு முன்பே அழைத்துப் போய்விடுங்கள்.