யூ இல்லாத க்யூ சொற்கள் வேண்டும்

காரைக்குடி பக்கத்து அண்ணன்மார், ஆச்சிமாருக்கு வணக்கம். லீவுக்குப் பிள்ளைகள் ஊருக்கு வந்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் வளவுத் தாழ்வாரத்தில் பாய் விரித்து ஸ்கிராபிள்தான் (எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கிலச் சொல் கட்டும் ஆட்டம்). எங்கள் அப்பத்தா புள்ளிக் கணக்கு பார்ப்பார். பல்லாங்குழி ஆடிய கை, கணக்கு பிசகாது!

சிக்கல் இந்த க்யூ எழுத்தில். வில்லை ஒன்றுக்கு 10 புள்ளி. ஆனால் ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ வர வேண்டும்; மொத்தம் 100 வில்லையில் யூ நாலே நாலு. அது கிடைக்காமல் க்யூவைக் கையிலேயே வைத்து ஆட்டம் முடிந்தால் அந்த 10-ம் நம் கணக்கில் கழியும். 'க்யூ, ஐ' என்ற இரண்டெழுத்துச் சொல்லும், 'க்யூ, ஏ, டி' என்பதும் தெரியும். க்யூ கடைசியில் வருவதற்கு 'டி, ஆர், ஏ, என், க்யூ' ஒன்றுதான் கையில் இருக்கிறது.

இதுபோல் வேறு என்ன இருக்கிறது? ஜே-யில் முடியும் சொற்களும் தேவை. (வி-க்கு இரண்டெழுத்துச் சொல்லே கிடையாது, அதைக் கேட்கவில்லை.)

அப்புறம், 'சி, ஹெச்' என்ற சொல் காலின்ஸ் பட்டியலில் (ஆட்டத்தில் எந்தச் சொல் செல்லும் என்று சொல்லும் பட்டியல்களில் ஒன்று) செல்லும், அமெரிக்கப் பட்டியலில் செல்லாது. இதனால் தினமும் சண்டை. நீங்கள் எதை வைத்து ஆடுகிறீர்கள்? எழுத்துவாரியாகப் பிரித்த பட்டியல் இருந்தால் அனுப்புங்கள், பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன்.