கிளட்ச் பெடலில் எவ்வளவு லூஸ் வைக்கலாம்? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரத்தில் இருந்து மார்த்தாண்டத்துக்கு ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றி ஓட்டுகிறேன். கேபிள் கிளட்ச் உள்ள சின்ன டீசல் லோடு வண்டி. எட்டு மாதத்துக்கு முன்தான் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றினேன். அதற்குள் மறுபடியும் சிலிப் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை லோடோடு ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை. கருகிய வாடை கேபினுக்குள்ளேயே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். லூசே இல்லை, அதாவது கனக்காமல் சும்மா இறங்கும் தூரமே இல்லை, தொட்டவுடன் கனக்கிறது. அப்படியென்றால் காலை எடுத்த பிறகும் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது, அதனால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் சிலிப் ஆகியிருக்கிறது. பிளேட் தேயத் தேய இந்த லூஸ் குறையும் என்று தெரியும். இடையில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் விட்டது என் தவறு. மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே ஊர்ந்து போகும்போது பெடலிலேயே காலை வைத்திருக்கும் பழக்கமும் இருந்தது. அதை நிறுத்திவிட்டேன்.

இப்போது கேபிள் நுனியில் உள்ள நட்டைத் தளர்த்தி 20 மில்லிமீட்டர் லூஸ் வைத்திருக்கிறேன். சிலிப் குறைந்தது, ஆனால் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம். லூஸ் கூடிப்போய் கிளட்ச் முழுசாக விடாததாலா? 15க்குக் குறைக்கலாமா, இல்லை கேபிளையே மாற்றணுமா? அப்புறம், கியர்பாக்ஸை இறக்காமல் பிளேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறிய வழி உண்டா? வியாழக்கிழமை மறுபடியும் முழு லோடு இருக்கிறது, அதற்குள் சொன்னால் பெரிய உதவி.