மாட்டுங்கா கப்பல் குடும்பம்

பிரவீன், 8:12
மாமா, வியாழக்கிழமை ஓரல்ஸ், வாய்மொழித் தேர்வு. கப்பல் பக்கவாட்டுல உருளுறதை அடக்குற ஆன்ட்டி-ரோலிங் டேங்க்ல தண்ணி எவ்வளவுன்னு கேட்டா பாதின்னு சொல்லிடலாமா?

முரளி மாமா, 8:15
சொன்னா அடுத்த கேள்வியிலயே மாட்டுவே. நிறைகுடம் தளும்பாதும்பாங்க, இங்க தளும்பினாத்தான்டா வேலை. தண்ணி போர்ட்லேர்ந்து (இடது பக்கம்) ஸ்டார்போர்டு (வலது பக்கம்) போய்த் திரும்புற நேரமும், கப்பல் ஒரு தடவை உருண்டு திரும்புற ரோல் பீரியடும் ஒண்ணா இருக்கணும். அப்போ தண்ணி கால் சுத்து பின்தங்கும். எந்தப் பக்கம் மேல எழும்புதோ அங்க குவிஞ்சு அதை அமுக்கும்.

செல்வி அக்கா, 8:21
கணக்கு போடு. கப்பல் அகலம் 20 மீ, ஜிஎம் (சாஞ்ச கப்பல் நிமிர்ற திறனைக் காட்டுற அளவு) 3 மீ. பீரியட் = 0.8 × 20 ÷ √3 = 9.2 செகண்ட். டேங்கும் முழு அகலம்னா தண்ணியோட பீரியட் 2 × 20 ÷ √(9.81 × தண்ணி உயரம்). ரெண்டும் சமமாகணும்னா உயரம் 1.9 மீ.

செல்வி அக்கா, 8:22
டெக் லோடு (மேல்தளச் சரக்கு) ஏறி ஜிஎம் 1.5 ஆச்சுன்னா பீரியட் 13 செகண்ட், தண்ணி 0.96 மீ தான். ஜிஎம் பாதியானா தண்ணியும் பாதி.

பிரவீன், 8:24
மாத்தாம 1.9லயே விட்டா?

முரளி மாமா, 8:26
தண்ணி கப்பலை விட வேகமா ஓடும். பின்தங்காது, சாயுற பக்கமே கூடச் சேர்ந்து சாயும். டேங்க் இல்லாம இருந்திருந்தாலே தேவலாம்.

செல்வி அக்கா, 8:29
ஃப்ரீ சர்ஃபேஸை விட்டுடாதே, அதாவது நிறையாத டேங்க்ல தண்ணி ஆடி ஜிஎம்மைக் குறைக்குறதை. டேங்க் நீளம் 3 மீன்னா 3 × 20³ ÷ 12 = 2000. கப்பல் ஒதுக்குற தண்ணி 10,000 கன மீட்டர்னா ஜிஎம்ல 0.2 மீ காலி. மட்டத்தைக் குறைச்சாலும் இந்த நஷ்டம் குறையாது. ஜிஎம் ஏற்கெனவே கம்மின்னா டேங்க்கைக் காலி பண்ணு.

பிரவீன், 8:31
உருளலை அடக்க கப்பலோட பக்கத்துல துடுப்பு மாதிரி ஃபின் இருக்கே அக்கா, அப்புறம் இது எதுக்கு?

செல்வி அக்கா, 8:33
ஃபின்னோட பலம் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி. வேகம் பாதின்னா பலம் கால்வாசி. நங்கூரத்துல நிக்கிற கப்பலுக்கு அதால ஒண்ணும் ஆகாது, டேங்க் அங்கயும் வேலை செய்யும்.

முரளி மாமா, 8:36
யூ-டியூப் டேங்க், அதான் U வடிவக் குழாய் டேங்க், அதையும் கேப்பான். ஹாம்பர்க்ல ஃப்ராம்ங்கிற இன்ஜினியர் கொண்டுவந்தது. ரெண்டு பக்கத் தொட்டியையும் கீழே தண்ணிக் குழாய் இணைக்கும், மேலே காத்துக் குழாய். அதுல இருக்கிற வால்வை மூடினா தண்ணி ஓட்டம் அடங்கும்.

செல்வி அக்கா, 8:40
அந்த 0.8 தோராயம்தான், கப்பலுக்குக் கப்பல் மாறும். ஸ்டாப்வாட்ச் எடுத்து 10 உருளல் எண்ணி 10ஆல வகு. போர்ட், ஸ்டார்போர்டு, மறுபடி போர்ட், இதுதான் ஒண்ணு. பாதியை ஒண்ணுன்னு எண்ணினா தண்ணி நாலு மடங்கு ஏறிடும்.